சிவப்புப் பெட்டியும் மேல்தட்டும்

சித்தியை வீட்டில் எல்லோரும் பீரங்கி என்றுதான் கூப்பிடுவோம். வாழ்நாளில் அவள் ஒரு தடவைகூடத் துப்பாக்கியைச் சுட்டதில்லை. தோட்டாக்களைச் சோதித்துப் பார்க்கும் கூடத்தில் வேலை செய்கிறாள், அவ்வளவுதான். அங்கே அவளுக்கு வேறு பெயர், ஜெல்லி. இரண்டில் எதைச் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொன்னால்தான் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் அம்மாவின் தங்கை. வேலை கிடைத்த புதிதில், "ஒரு ரூம் கிடைக்கிற வரைக்கும்" என்று ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அந்த ரூமை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் எங்கள் அடுக்களை அவள் கைக்குப் போய்விட்டது. டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். கரண்டிக் காம்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். உப்பு டப்பாவின் இடத்தில் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டால் அன்று சாயங்காலம் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

"இது வீடா, ராணுவ முகாமா?" என்று அம்மா கேட்பாள்.

"முகாம்னா இன்னும் கொஞ்சம் சுத்தமா இருக்கும்க்கா" என்பாள் சித்தி.

இன்னொரு பழக்கமும் உண்டு. மெத்தை, ரொட்டி, சோப்பு, என் கன்னம் என்று மெத்தென்று எது அகப்பட்டாலும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பாள். அழுத்தின குழி எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று கவனிப்பாள். பேருந்து இருக்கையைக்கூட அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. குண்டு பாய்வதற்கான கட்டிகளைச் செய்வதுதான் அவள் வேலை. ஜெலட்டின் பொடியை எடைபோட்டு, வெதுவெதுப்பான நீரில் கட்டிதட்டாமல் கலக்கி, நுரையை வழித்து எடுத்து, தலையணை நீளத்துக்கு ஒரு அச்சில் ஊற்றிக் குளிர் அறையில் வைப்பாள். மறுநாள் அது கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற, லேசான மஞ்சள் நிறக் கட்டியாக நிற்கும். மனிதச் சதை ஒரு குண்டை எவ்வளவு தடுக்குமோ கிட்டத்தட்ட அவ்வளவு அதுவும் தடுக்கும் என்பது கணக்கு. மேலே நாலு மடிப்புத் துணியைப் போர்த்திச் சுடுவார்கள். குண்டு எவ்வளவு ஆழம் போனது, முனை விரிந்ததா, போன வழியெல்லாம் எப்படிக் கிழித்தது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், இனி நான் சொல்வதெல்லாம் புரியும். கட்டி குளிர்ந்தால் இறுகும், வெப்பம் ஏறினால் இளகும். இறுகிய கட்டியில் குண்டு சீக்கிரம் நிற்கும். இளகியதில் ஆழமாகப் போகும்.

அதனால் சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு பரீட்சை உண்டு. மிளகு அளவு எஃகு மணி ஒன்றைக் காற்றுத் துப்பாக்கியால் அதில் செலுத்துவார்கள். மணி இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் எங்கே நின்றாலும் கட்டி பாஸ். வெளியே போனால் கட்டியை உருக்கிவிட வேண்டியதுதான்.

கூடத்தில் அவளோடு முக்கியமாக இரண்டு பேர். ஒருவரைக் கயிறு என்பார்கள். குறி தவறாமல் சுடுகிற பெரிய ஆளாக வேண்டும் என்ற கனவோடு சேர்ந்தவர். இங்கே துப்பாக்கியை இரும்புப் பிடியில் பூட்டிவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கயிற்றை இழுத்துத்தான் சுட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. "கிணத்துல தண்ணி இறைக்கிற வேலைக்கு எதுக்குங்க கண் பரிசோதனை வச்சாங்க?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் அவர்களுடைய மேலதிகாரி. அவருக்கு முன்னால் எல்லோரும் சார் என்பார்கள், பின்னால் சராசரி. எந்தச் சோதனை முடிந்தாலும் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி "சராசரி என்ன?" என்று கேட்பார். சொன்னதும் தலை உள்ளே போய்விடும்.

இந்தக் கதையின் தோட்டாக்கள் அவர்களிடம் வந்தது ஒரு காவல் நிறுவனத்திலிருந்து. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் ஆயுதக் காவலர்களை அனுப்புகிற நிறுவனம். காவலர்களிடம் இருப்பது முப்பத்திரண்டு காலிபர் என்கிற சின்ன ரகக் கைத்துப்பாக்கி. அதற்கு முனையில் குழி உள்ள தோட்டா வாங்கப் போகிறார்கள். குழிமுனைக் குண்டு உடம்புக்குள் போனதும் பூ மாதிரி விரிந்து அங்கேயே நிற்க வேண்டும், பின்னால் நிற்கிறவர்மேல் பாயக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆனால் சின்ன தோட்டாவில் அவ்வளவு வேகம் கிடையாது. துணி போய்க் குழியை அடைத்துக்கொண்டால் விரியாமல் ஊசி மாதிரி நேராகப் போய்விடும். இரண்டு கம்பெனிகள் மாதிரி அனுப்பியிருந்தன. ஒன்று சிவப்புப் பெட்டி, ஒன்று நீலப் பெட்டி. எது நல்லது என்று சொல்ல வேண்டும்.

அந்த நிறுவனத்தில்தான் அப்பா வேலை செய்கிறார். ஒரு வங்கிக் கிளையின் வாசல் காவல் அவருடையது.

அவருக்குக் கொடுத்த நாற்காலி உள்ளே, மின்விசிறிக்கு அடியில், கண்ணாடிக் கதவைப் பார்த்து இருக்கும். கதவுக்கு நேர் வெளியே பேருந்து நிறுத்தம். அப்பா அந்த நாற்காலியில் உட்காரவே மாட்டார். கதவை ஒட்டிய உள்மூலையில், கண்ணாடி வழியாக அடிக்கிற வெயிலில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் உள்ளே வருகிற எவனுக்கும் பின்னால் வெறும் சுவர்தான். நாற்காலியிலிருந்து பார்த்தால் அவன் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்துக்கு நிற்பார்கள். இத்தனை வருடத்தில் அவர் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததே இல்லை. ஆனாலும், "எடுக்கிற அன்னிக்கு யோசிக்க நேரம் இருக்காது" என்பார். நின்று நின்று இரண்டு முட்டியும் போய்விட்டன. சாயங்காலம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

அதனால் சித்திக்கு அந்தச் சோதனை மற்றச் சோதனைகளைப் போல இல்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். சிவப்பும் நீலமும் தப்பித்தவறிக்கூடக் கலந்துவிடக் கூடாது என்று சிவப்புக்கான கட்டிகளைக் குளிர் அறையின் மேல்தட்டிலும் நீலத்துக்கானதைக் கீழ்த்தட்டிலும் வைத்தாள். தட்டு விளிம்பில் அந்தந்த நிறத்தில் நாடா ஒட்டினாள். எங்கள் வீட்டு அடுக்களையை நடத்துகிற அதே கைதானே.

பல வாரம் சுட்டார்கள். எல்லாக் கட்டிகளும் பரீட்சையில் பாஸ். முடிவு பளிச்சென்று வந்தது. சிவப்பு கட்டிக்குள்ளேயே நின்றது. நீலம் அடிக்கடி கட்டியைத் துளைத்துக்கொண்டு பின்னால் வைத்திருந்த பலகையில் முட்டியது. சராசரி தலையை நீட்டிக் கேட்டார், சொன்னார்கள், தலை உள்ளே போனது. நிறுவனம் சிவப்பை வாங்கியது.

அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம், "உன்னை நம்பலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"என்னை நம்ப வேண்டாம் மாமா. கட்டியை நம்புங்க" என்றாள். அக்கா புருஷனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இனி குண்டு பிள்ளைகள் பக்கம் பாயாது என்ற தைரியத்தில், மறுநாளிலிருந்து அப்பா மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். வங்கியில் எல்லோரிடமும், "என் கொழுந்தியா சோதிச்சுச் சொன்ன தோட்டா" என்று பெருமையடித்துக்கொண்டாராம். முட்டிக்குத் தேய்க்கிற தைலம் அலமாரிக்குப் போய்விட்டது.

இப்படியே ஓடிய வண்டி ஒரு தண்ணீர் பாட்டிலில் இடித்து நின்றது.

குளிர் அறையில் சாப்பிடுகிற குடிக்கிற பொருள் எதையும் வைக்கக் கூடாது. எல்லோரும் வைப்பார்கள். கட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, கதவு திறக்கிற சாக்கில் எடுத்துக் குடிப்பார்கள். ஒருநாள் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது சித்தி தன் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது என்ன, குளிரவே இல்லை."

கயிறு சிரித்தார். "எங்க வச்சீங்க?"

"கீழ்த்தட்டுல."

"இத்தனை வருஷம் இங்க இருந்துட்டு இது தெரியலையாக்கா? கீழ வச்சா பச்சத்தண்ணி. மேல் தட்டுலதான் குளிர்காத்து நேரா அடிக்கும். இங்க பாருங்க." அவர் தன் பாட்டிலைக் குலுக்கினார். உள்ளே பனிச்சீவல்கள் சலசலத்தன. "இது ஊருக்கே தெரியுமே. மேல் தட்டுக்குத்தான் எப்பவும் போட்டி."

சித்தி அந்தப் பாட்டிலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கை மரத்துப்போகிற வரைக்கும் கொடுக்கவில்லை என்றார் கயிறு. "என் தண்ணியைக் குடிச்சிடுவாங்களோன்னு பயந்தேன்."

அறையின் வெப்பமானி கதவுப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. அது எப்போதும் சரியான எண்ணைத்தான் காட்டும், கதவுப் பக்கத்துச் சுவருக்கு. சித்தி மேல்தட்டில் ஒரு கட்டியிலும் கீழ்த்தட்டில் ஒரு கட்டியிலும் நீளமான வெப்பமானியைக் குத்தி வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. மணியைச் செலுத்திப் பார்த்தாள். மேல்தட்டுக் கட்டியில் மணி முதல் கோட்டைத் தாண்டியதும் நின்றது. கீழ்த்தட்டுக் கட்டியில் கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இரண்டும் பாஸ்.

அதாவது இத்தனை வாரமும் அவர்கள் சிவப்பை இறுகிய கட்டியிலும் நீலத்தை இளகிய கட்டியிலும் சுட்டிருக்கிறார்கள். சிவப்பு நின்றது சிவப்பினாலா, மேல்தட்டினாலா? சொல்ல வழியே இல்லை. கட்டிகளைக் கண்டபடி கலந்து வைத்திருந்தால்கூட இந்தக் குழப்பம் வந்திருக்காது. கலந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்ததுதான் வினையாகிவிட்டது.

நேராகச் சராசரியின் அறைக்குப் போனாள். பாட்டிலையும் கொண்டுபோனாள். அதுதான் தவறு.

"குளிர் அறைக்குள்ள பாட்டிலா?" என்றார் அவர்.

"சார், பாட்டில் முக்கியம் இல்லை. மேல்தட்டும் கீழ்த்தட்டும்..."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"தட்டா சார்?"

"பாட்டில்."

சித்தி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். அவர் கேட்டார், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

"சிவப்புக் கட்டிங்க பாஸ் ஆச்சா?"

"ஆச்சு சார்."

"நீலம்?"

"அதுவும் ஆச்சு. ஆனா ஒண்ணு முன்வாசல்ல நின்னு பாஸ், ஒண்ணு கொல்லைப்பக்கம் நின்னு பாஸ்."

"ரெண்டும் வீட்டுக்குள்ளதானே நிக்குது? விதி அதைத்தானே கேக்குது?"

"விதி கட்டி நல்லாருக்கான்னு கேக்குது சார். நாம கேட்டது எந்தத் தோட்டா நல்லதுன்னு. மறுபடி சுடணும்."

"அவங்க சிவப்பை வாங்கி மாட்டிட்டாங்கம்மா. இப்பப் போய், நாங்க பாட்டில் வச்சப்ப கண்டுபிடிச்சோம்னு சொல்லவா?"

மறுநாள் குளிர் அறைக் கதவில் புதிதாக ஒரு அறிவிப்பு. பாட்டில் வைத்தால் கடுமையான நடவடிக்கை. தட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கூடத்தில் எல்லோரும் சித்தியைத்தான் முறைத்தார்கள். "நல்லா மாட்டிவிட்டீங்க ஜெல்லி, இனிமே வெந்நீர்தான்" என்றார் கயிறு.

அன்று சாயங்காலம் அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சித்தி எதிரே வந்து நின்றாள்.

"மாமா, அந்தச் சிவப்பை நம்பி நாற்காலியில உக்காராதீங்க."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீலம்தான் நல்லதா?" என்றார்.

"அதுவும் தெரியாது."

"சிவப்பு மோசமா?"

"தெரியாது மாமா."

"வாரக்கணக்கா டமால் டமால்னு சுட்டீங்களே, எதைத்தான் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"மேல்தட்டு குளிரும்னு தெரிஞ்சுக்கிட்டோம்."

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"இதோ பாரு" என்றார் அப்பா. குரலில் சூடு ஏறிவிட்டது. "நாலு பேர்கிட்ட உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். என் முட்டி இப்பத்தான் மனுஷன் முட்டி மாதிரி மடங்குது. தெரியாதுன்றதுக்காகல்லாம் நான் எழுந்து வெயில்ல நிக்க முடியாது. தெரிஞ்சப்புறம் வந்து சொல்லு."

"தெரியாததுதான் மாமா பயம்."

"அது உன் பயம். எனக்கு நீ முதல்ல சொன்னதே போதும்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் சித்தியை நிஜமாகவே வாட்டின. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அதுதான் பிரச்சினை. மறுசோதனை கேட்டு எழுதினாள். நிறுவனம் கேட்டால்தான் செய்ய முடியும் என்று பதில் வந்தது. நிறுவனத்துக்கு அவள் நேராக எழுதக் கூடாது. சராசரியிடம் போனால், "பாட்டிலெல்லாம் எடுத்தாச்சில்ல?" என்பார். மிச்சமிருந்த சிவப்பு, நீலத் தோட்டாக்கள் பூட்டிய அலமாரியில் கிடந்தன. அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றைக்கூட எடுக்க முடியாது. அவள் கையில் இருந்தது ஒன்றுதான். குளிர்காற்று நேராக அடிக்காதபடி மேல்தட்டுக்கு ஒரு தகரத் தடுப்பு கட்டினாள். கட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். கேள்விக்குப் பதில் சொல்ல அது போதவில்லை.

காலையில் அப்பா சீருடை போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். சில நாள் பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வங்கிக்கு எதிரே கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பாள். அப்பா நாற்காலியில் இருப்பார். நடுவில் பிள்ளைகள் பைகளோடு நிற்பார்கள். வீட்டுக்கு வந்து டப்பாக்களை மாற்றி மாற்றி அடுக்குவாள். "அந்த உப்பு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அம்மா கேட்டால் சர்க்கரை டப்பாவையும் நகர்த்துவாள். நான் ஒருநாள், "நீ ஏன் சித்தி இப்படி மனசை வருத்திக்கிற, அப்பா துப்பாக்கியை எடுக்கவே போறதில்ல" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாள். 

கடைசியில் வழிவிட்டது தணிக்கை. மேலிடத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், அலமாரியில் கணக்கில் வராத மிச்சம் மீதி எதுவும் இருக்கக் கூடாது என்று சராசரிக்குத் திடீர் அவசரம் வந்தது.

"அந்தச் சோதனையில மிஞ்சின சிவப்பு, நீலம் எல்லாத்தையும் மணல் தொட்டியில சுட்டுத் தீர்த்துடுங்க" என்றார்.

"மணலுக்குப் பதிலா கட்டியில சுட்டுத் தீர்க்கட்டுமா சார்?" என்றாள் சித்தி.

அவர் அலமாரிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "தீரணும். எதுல தீர்ந்தா எனக்கென்ன. ஆனா பாட்டில்..."

"பாட்டில் இல்லை சார்."

இந்தத் தடவை நாடாவும் இல்லை, நிறமும் இல்லை. ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய கட்டிகள், தடுப்பு கட்டிய தட்டுகள், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சீட்டுப்படி ஒன்று மாற்றி ஒன்று. எந்தக் கட்டி எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று கயிற்றுக்குத் தெரியாது. எந்தத் தோட்டா துப்பாக்கியில் இருந்தது என்று ஆழம் அளக்கும்போது சித்திக்குத் தெரியாது. "கண்ணாமூச்சி விளையாடத்தான் நம்மளைப் படிக்க வச்சாங்களா?" என்றார் கயிறு. ஆனால் ஒவ்வொரு தடவையும் கயிற்றை ஒரே இழுப்பாக, ஒழுங்காக இழுத்தார்.

மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. சித்தி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சிவப்பில் சில விரிந்தன, சில துணி அடைத்துக்கொண்டு நேராகப் போய்ப் பலகையில் முட்டின. நீலமும் அதேதான். ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. இது நல்லது, அது மோசம் என்று சொல்ல ஒரு நூலிழைகூட இல்லை.

கதவு திறந்தது. தலை வெளியே வந்தது. "சராசரி என்ன?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை சார். சிவப்பும் பின்னால போகுது. நிறுவனத்துக்குச் சொல்லணும்."

அவர் யோசித்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, அவள் எதிரிலேயே தொலைபேசியை எடுத்து நிறுவனத்துக்குப் பேசினார். பாட்டில் கதையைச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னார். அந்தப் பக்கம் என்னவோ சுருக்கமாகச் சொன்னார்கள். வைத்துவிட்டு அவளைப் பார்த்தபோது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"வித்தியாசம் இல்லைன்னா சிவப்பே இருக்கட்டும்னுட்டாங்க. பாத்தியாம்மா, முடிவு மாறவே இல்லை."

 சித்தி மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பேருந்து ஏறி நேராக வங்கிக்குப் போனாள்.

அப்பா மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். அவளை அந்த நேரத்தில் அங்கே பார்த்ததும் அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

"தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுது. சிவப்பும் போகும் மாமா, பின்னால. நீலம் மாதிரியேதான்."

"இதைச் சொல்லத்தான் இத்தனை மாசமா?"

"ஆமா."

அப்பா கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம், அன்று அரை நாளோடு பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஒரு பையன் இன்னொருவனின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அப்பா தொடையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். முட்டி சத்தம் போட்டது. கதவோர மூலைக்கு நடந்துபோய், வெயிலில், தன் பழைய இடத்தில் நின்றார்.

வங்கி மேலாளர் தன் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார். "என்னாச்சு, நாற்காலி பிடிக்கலையா?"

"நாற்காலி நல்லாத்தான் இருக்குங்க" என்றார் அப்பா. பிறகு சித்தியிடம் தாழ்ந்த குரலில், "போகும்போது மருந்துக்கடையில அந்தத் தைலத்தை வாங்கிட்டுப் போ. வீட்ல இருக்கிறது காஞ்சுபோயிருக்கும்" என்றார்.

சித்தி சரி என்றாள். காலி நாற்காலிக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் போகிற போக்கில் அதன் மெத்தையைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். குழி எழும்புகிறதா என்று பார்க்க நிற்கவில்லை.